மைக்கில் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பது போல் இருக்கிறது, சத்தத்தை முழுதாக ஏற்றியும் பயனில்லை

தாமிரபரணிக்கரை | திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். நான் பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை, பாளையங்கோட்டை. பார்வையில்லாத கல்லூரிப் பிள்ளைகள் ஆறு பேருக்குப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து அனுப்பி வருகிறேன். இதுவரை செல்போனில்தான் பதிவு செய்தேன். போன மாதம் தம்பி மகன் ஒரு மேசைக் கணினியை வைத்துக்கொடுத்து, கூடவே எங்கிருந்தோ ஒரு மேடை மைக்கும் கொண்டுவந்தான். இணையத்தில் வாங்கிய வயர் ஒன்று. ஒரு முனை மைக்கில் மாட்டும் மூன்று ஓட்டைக்காரன், மறுமுனை ஹெட்போன் பின் மாதிரி. அதைக் கணினியின் பின்பக்கம் ரோஸ் நிற ஓட்டையில் சொருகியிருக்கிறான். பதிவு செய்வது ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில்.

சத்தம் மிகக் குறைவு. ஹெட்போனில் நான் கேட்டால் சுமாராகக் கேட்கிறது, ஆனால் குரல் ஒரு மாதிரி தலையைச் சுற்றி மிதக்கிறது. பிள்ளைகளோ, "டீச்சர், கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு, ஒண்ணும் புரியல" என்கிறார்கள். பதினோரு பாடம் பதிவு செய்து முடித்துவிட்டேன். ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். தேர்வு நெருங்குகிறது. மீண்டும் வாசிக்கத் தொண்டையில் தெம்பில்லை. என்ன செய்யலாம்?


பென்குயின்பிரியன் | திங்கள், இரவு 9.22

விண்டோஸா லினக்ஸா? அதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது. லினக்ஸ் என்றால் டெர்மினலில் அல்சாமிக்சர் திறந்து எஃப்4 தட்டுங்கள், கேப்சர் வரிசை வரும். விண்டோஸ் என்றால் என் அனுதாபங்கள்.


இரவுக்குருவி | திங்கள், இரவு 9.48

டீச்சர், அவர் கிடக்கிறார். ரோஸ் ஓட்டை, தம்பி மகன், ஆடாசிட்டி என்றால் விண்டோஸாகத்தான் இருக்கும். நான் வாராவாரம் பாட்காஸ்ட் போடுகிறவள். இந்தத் தலைவலி எனக்கும் வந்திருக்கிறது.

கன்ட்ரோல் பேனலில் சவுண்ட் திறங்கள். புது செட்டிங்ஸ் பக்கம் வேண்டாம், பழைய சின்ன சன்னல். அதில் ரெக்கார்டிங் என்று ஒரு தாவல். எந்த மைக்குக்கு நேராகப் பச்சை டிக் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் பேசும்போது பக்கத்தில் இருக்கும் கோடு ஏறி இறங்க வேண்டும். சிலருக்கு வெப்கேம் மைக் தேர்வாகியிருக்கும், மேடை மைக் சும்மா அலங்காரத்துக்கு நிற்கும். மைக்கை இரண்டு முறை சொடுக்கி லெவல்ஸ் தாவலுக்குப் போனால் இரண்டு நகர்த்திகள் தெரியும். மேலே 0 முதல் 100 வரை, கீழே மைக்ரோபோன் பூஸ்ட். அது 10, 20, 30 டெசிபல் என்று தாவும். அந்தக் கீழ் நகர்த்தி பலர் கண்ணில் படுவதே இல்லை. பூஸ்ட் என்ற வரியே இல்லையென்றால் ஒலி அட்டைக்கு உரிய டிரைவர் போடாமல் விண்டோஸின் பொதுவான டிரைவரில் ஓடுகிறது என்று நினைக்க இடமுண்டு.

அப்படியே என்ஹான்ஸ்மென்ட்ஸ் இருந்தால் அணைத்துவிடுங்கள். இரைச்சலைக் குறைக்கிறேன் என்று குரலையும் சேர்த்து விழுங்கும்.


தாமிரபரணிக்கரை | செவ்வாய், காலை 7.05

விண்டோஸ்தான் ஐயா. பச்சை டிக் சரியான மைக்கில்தான் இருக்கிறது. மேலே 74 என்று இருந்ததை 100 ஆக்கினேன். பூஸ்ட் 0 இருந்தது, 30 ஆக்கினேன். ஆடி மாதச் சாரல் மாதிரி "சோ" என்று ஓர் இரைச்சல் வந்துவிட்டது. பச்சைக் கோடு இப்போது பாதிக்கு மேல் ஏறுகிறது. ஆசையோடு ஒரு நிமிடம் பதிந்து அனுப்பினேன். "சோ சத்தம் கேக்குது டீச்சர், நீங்க கேக்கல" என்று பதில் வந்தது.


மைக்செட்காரன் | செவ்வாய், மதியம் 1.30

வணக்கமுங்க டீச்சர். ஈரோடு பக்கம் இருபத்தெட்டு வருசமா ஒலிபெருக்கி வாடகைக்கு விடறனுங்க. கம்ப்யூட்டர் எனக்கு அரைகுறை, மைக் நல்லாத் தெரியும்.

உங்க மைக் டைனமிக்கா இருக்கோணும். உள்ள ஒரு சவ்வு, அதுல ஒட்டுன செப்புச் சுருள், பின்னாடி காந்தம். கரண்டே வேண்டாம். கல்யாண மண்டபத்துல கீழ போட்டு மிதிச்சாலும் பாடும். ஆனா அது குடுக்கற மின்சாரம் ரொம்பக் கொஞ்சம். உதாரணத்துக்கு, 1966-ல வந்து இன்னிக்கும் மேடைக்கு மேடை நிக்கற ஷூர் எஸ்எம்58-ஐ எடுத்துக்குங்க. 94 டெசிபல் சத்தம், அதாவது மைக்கைக் கிட்ட வெச்சுக் குரலெடுத்துப் பேசற அளவு, அதுக்கு 1.85 மில்லிவோல்ட்தான் வரும். ரெண்டு அடி தள்ளி உக்காந்து சாதாரணமாப் பேசினா பதினாறுல ஒரு பங்குகூடத் தேறாதுங்க. ஆம்ப்ளிஃபையரோட லைன் ஓட்டை எதிர்பார்க்கறது 300 மில்லிவோல்ட் சுமாருக்கு. எவ்வளவு தூரம்னு பாருங்க.

கம்ப்யூட்டரோட ரோஸ் ஓட்டை இந்த மைக்குக்குப் பண்ணினதே இல்லை. அது எலக்ட்ரெட்னு சொல்ற குட்டி மைக்குக்கு. ஹெட்செட்ல, போன்ல இருக்கறது அதுதான். அதுக்குள்ளயே சின்ன பெருக்கி இருக்கறதால கம்ப்யூட்டர் ரெண்டு மூணு வோல்ட் மின்சாரம் அந்த ஓட்டை வழியாவே அனுப்பும். மேடை மைக்குக்கு அந்த மின்சாரத்தால ஒரு பிரயோசனமும் இல்லை.

மூணு கேள்விங்க. மைக்குல சுவிட்ச் இருக்குதா? நீங்க எவ்வளவு தூரத்துல இருந்து பேசறீங்க? வாய் மைக்கோட தலைக்கு நேரா இருக்குதா, பக்கவாட்டுலயா?


தாமிரபரணிக்கரை | செவ்வாய், மாலை 6.40

சுவிட்ச் இருக்கிறது, ஆன்தான். தூரம் கேட்டீர்களே, இப்போதுதான் அளந்தேன். புத்தகம் நடுவில் இருப்பதால் மைக் மேசையின் அந்தப் பக்கம், இரண்டு அடி இருக்கும். வகுப்பில் நாற்பது வருடம் மைக் இல்லாமல் பேசிய தைரியம்.


மைக்செட்காரன் | செவ்வாய், மாலை 6.52

நாலு விரக்கடைக்குக் கொண்டாங்க. தூரம் பாதியானா சத்தம் 6 டெசிபல் ஏறும். ரெண்டு அடியில இருந்து ஒரு அடி, அரை அடி, கால் அடி. மூணு தடவை பாதி, 18 டெசிபல். எட்டு மடங்குங்க, பைசா செலவில்லை. பூஸ்ட்டைப் பத்து, இருபதுக்கு இறக்கலாம், "சோ"வும் அதோட இறங்கும். "ப" வரும்போது காத்து அடிக்கும், அதனால வாய்க்கு நேரா வைக்காம கன்னத்து ஓரமா கொஞ்சம் சாய்ச்சு, தலையை மட்டும் வாயைப் பார்க்க வைங்க.


தாமிரபரணிக்கரை | புதன், காலை 6.30

நீங்கள் சொன்னதுபோல் செய்தேன். பூஸ்ட் 20-க்கு இறக்கினேன். "சோ" போயே போச்சு. ஆடாசிட்டியில் கோடுகள் நன்றாகத் தடித்து விழுகின்றன, உச்சத்தில் மைனஸ் 8 டெசிபல் வரை போகிறது (0 தொட்டால்தான் சிவப்பு). ஹெட்போனில் பெரிதாகக் கேட்கிறது. மகிழ்ச்சியோடு அனுப்பினேன்.

பிள்ளைகள் பதில் அப்படியே தருகிறேன்: "இன்னும் அப்படித்தான் டீச்சர். இப்போ பின்னாடி கோழி கூவுறது கூட கேக்குது, உங்க குரல் மட்டும் ஒல்லியா எங்கேயோ இருக்கு."

கோழி கேட்கிறது, நான் கேட்கவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.


பென்குயின்பிரியன் | புதன், காலை 9.15

வாட்ஸ்அப் சுருக்குகிறது, அதுதான். அல்லது பிள்ளைகளின் போன் ஸ்பீக்கர் மோசம். உங்கள் பக்கம் மைனஸ் 8 வருகிறதென்றால் உங்கள் பக்கம் எல்லாம் சரி. இழையை மூடலாம்.


இரவுக்குருவி | புதன், காலை 9.40

ஆறு பேரின் ஸ்பீக்கரும் ஒரே நாளில் கெட்டதா? வாட்ஸ்அப் சுருக்கினால் குரல் கரகரக்கும், ஒல்லியாகாது. அதுவும் கோழியை விட்டுவிட்டு டீச்சரை மட்டும் சுருக்குமா?

எனக்கு இன்னொரு சந்தேகம். டீச்சர், அந்தக் கணினியில் ஜூம் மாதிரி ஏதாவது போட்டிருக்கிறீர்களா? அது மைக் அளவைத் தானே ஏற்றி இறக்கும். அழைப்பு முடிந்த பிறகும் இறக்கிய இடத்திலேயே விட்டுவிட்டுப் போகும். ஜூமின் ஆடியோ செட்டிங்கில் தானாகச் சரிசெய்யும் டிக்கை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேசாமல் ஒரு யூஎஸ்பி மைக் வாங்கிவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது.


மைக்செட்காரன் | புதன், காலை 11.05

எடுத்தவுடனே காசைச் செலவு பண்ணச் சொல்லாதீங்கம்மணி. மைக் நல்ல மைக். எங்கயோ குரல் ஒழுகுது, அதக் கண்டுபிடிக்கோணும்.


தாமிரபரணிக்கரை | புதன், மதியம் 12.20

ஜூம் இருக்கிறது. வியாழக்கிழமைகளில் குழு வகுப்பு எடுக்க முயன்றேன். அதிலும் இதே புகார்தான், "டீச்சர் மியூட்ல இருக்கீங்களா" என்று. டிக்கை எடுத்துவிட்டேன். மாற்றமில்லை. யூஎஸ்பி மைக் வாங்கலாம், ஆனால் பதிந்த பதினோரு பாடம் வீணாகிவிடுமே.


சுண்ணாகத்தான் | புதன், இரவு 8.15

டீச்சர், மூண்டு நாளா இந்த இழையை வாசிச்சுக்கொண்டு வாறன். எல்லாரும் சத்தம் குறைவு, சத்தம் குறைவு எண்டு நகர்த்தியைப் பிடிச்சு இழுக்கினம். நீங்கள் முதல் நாளே ஒரு விசயம் எழுதினீங்கள், ஒருத்தரும் கண்டுகொள்ளேல்லை: குரல் தலையைச் சுத்தி மிதக்குது எண்டு.

ஹெட்போனில கேக்குது. போனில கேக்கேல்லை. ஜூமிலயும் கேக்கேல்லை. ஹெட்போனுக்கு இடம், வலம் எண்டு ரெண்டு பாதை. போன் ஸ்பீக்கரும் ஜூமும் ரெண்டையும் கூட்டி ஒண்டாக்கிப் போட்டுத்தான் தரும். கூட்டேக்க குரல் காணாமல் போகுது எண்டால்?

ரெண்டு சோதினை செய்து பாருங்கோ. முதலாவது, ஹெட்போனில ஒரு காதை மட்டும் வைச்சுக் கேளுங்கோ, மற்றதைக் கழட்டி விடுங்கோ. குரல் சாதாரணமா, கிட்டவா கேக்குதோ? ரெண்டாவது, ஆடாசிட்டியில மேலையும் கீழையும் ரெண்டு அலை தெரியுமெல்லே. ஒரு சொல்லின்ர இடத்தைப் பிடிச்சு நல்லாப் பெருப்பிச்சு, ஒற்றைக் கோடு நெளியிற அளவுக்கு வடிவாப் பாருங்கோ. மேல் கோடு ஏறுற இடத்தில கீழ்க் கோடும் ஏறுதோ, இல்லாட்டி இறங்குதோ?


தாமிரபரணிக்கரை | புதன், இரவு 9.35

ஐயா!

ஒரு காதில் கேட்டால் குரல் கணீரென்று பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் மாட்டினால் மிதக்கத் தொடங்கிவிடுகிறது. அலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே மேடு வந்தால் கீழே பள்ளம். மேலே பள்ளம் வந்தால் கீழே மேடு. ஆற்றங்கரை மண்டபமும் தண்ணீரில் அதன் நிழலும் மாதிரி அச்சு அசலாகத் தலைகீழ். இது என்ன மாயம்?


சுண்ணாகத்தான் | புதன், இரவு 9.50

மாயமில்லை, வயர். மேடை மைக்கின்ர மூண்டு கம்பியில 1-ஆம் கம்பி நிலம். 2-ஆவதில குரல். 3-ஆவதிலயும் அதே குரல், ஆனால் தலைகீழா. பெரிய மிக்சர் 2-ஐயும் 3-ஐயும் ஒண்டில இருந்து மற்றதைக் கழிச்சு எடுக்கும், அதுக்காகத்தான் அப்பிடி. உங்கட வயரைச் செய்தவை 2-ஐ பின்னின்ர நுனியிலயும் 3-ஐ அதுக்கு அடுத்த வளையத்திலயும் பற்றவைச்சிருக்கினம். கம்ப்யூட்டருக்கு நுனி எண்டால் இடக்காது, வளையம் எண்டால் வலக்காது. இடத்தில குரல், வலத்தில தலைகீழ்க் குரல். ஒற்றை ஸ்பீக்கரில கூட்டினால் ஐஞ்சும் மைனஸ் ஐஞ்சும் சைபர்.

நீங்கள் எவ்வளவு கத்தினாலும், பூஸ்ட்டை எவ்வளவு ஏத்தினாலும் சைபர்தான். முழுக்கச் சைபராகாமல் கொஞ்சம் மிச்சம் கேக்குதெண்டால், ரெண்டு பக்கமும் மயிரிழை வித்தியாசம் இருக்கிறதாலதான்.


இரவுக்குருவி | புதன், இரவு 9.58

அப்போ கோழி எப்படிக் கேட்டது?


சுண்ணாகத்தான் | புதன், இரவு 10.04

கோழியும் அதே மைக்குக்குள்ளாலதான் வந்தது, அதுவும் அழிஞ்சுதான் இருக்கும். குரல் மட்டும் ஒல்லியாப் போனால் மிச்சமிருக்கிற எல்லாம் பெரிசாத் தெரியும். காதுதானே. பிள்ளையள் டீச்சரைத் தேடிக் காதைத் தீட்டி வைச்சிருந்திருப்பினம், கோழி அகப்பட்டிருக்கு.


மைக்செட்காரன் | வியாழன், காலை 6.15

அட என்னைச் செருப்பால அடிக்கோணும். இருபத்தெட்டு வருசம்!

நாங்க தினம் பார்க்கறதுதானுங்க இது. மண்டபத்துல ரெண்டு பாக்ஸ் வெப்போம், பையன் ஒண்ணுல சிவப்பு வயரையும் கருப்பு வயரையும் மாத்தி மாட்டிருவான். ரெண்டு பாக்ஸும் ஓடும், சத்தம் இருக்கும், ஆனா நடுவுல நின்னா நாதசுரம் கேக்கும் தவில் அடியே இருக்காது. மாப்பிள்ளை வீட்டுக்காரர் வந்து "தவில்காரன் தூங்கறானா"ம்பார். வயரை மாத்தினா அடுத்த நிமிசம் தவில் நெஞ்சுல வந்து இடிக்கும். அதே கதை டீச்சரோட வயருக்குள்ள நடந்திருக்குது, எனக்குத் தோணல.


பென்குயின்பிரியன் | வியாழன், காலை 8.40

ஒப்புக்கொள்கிறேன், வாட்ஸ்அப் என்று சொன்னது அவசரம். இதில் எனக்கு அதிக வெட்கம் எதற்கென்றால், லினக்ஸில் இதே வியாதியை நானே பட்டிருக்கிறேன். சில மடிக்கணினிகளில் திரைக்கு மேலே இருக்கும் இரட்டை மைக்கில் ஒன்று தலைகீழாக வரும். விண்டோஸில் அதன் டிரைவர் திருப்பிவிடும், லினக்ஸில் ஸ்டீரியோவாகப் பதிந்தால் சரியாகவும் அழைப்பில் மௌனமாகவும் இருக்கும். அதற்கென்றே லினக்ஸின் ஒலி அமைப்பான அல்சாவில் இன்வெர்ட்டட் இன்டர்னல் மைக் என்று தனி சுவிட்ச் வைத்தார்கள். அந்தச் சுவிட்சைத் தேடி ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவன் நான்.

பிராயச்சித்தமாக டீச்சருக்கு நல்ல செய்தி. பதினோரு பாடமும் வீணாகவில்லை, ஒரு வரிகூட மறுபடி வாசிக்க வேண்டாம். ஆடாசிட்டியில் கோப்பைத் திறங்கள். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு. ட்ராக்கின் இடது ஓரம் பெயர் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன மெனு உண்டு, அதில் ஸ்ப்ளிட் ஸ்டீரியோ ட்ராக். மேல், கீழ் இரண்டும் தனித்தனியாகும். கீழே இருப்பதை மட்டும் தேர்ந்தெடுத்து எஃபெக்ட் மெனுவில் இன்வெர்ட் கொடுங்கள். (புதிய பதிப்புகளில் ஸ்பெஷல் என்ற உட்பிரிவுக்குள் ஒளிந்திருக்கும்.) பிறகு மேல் ட்ராக்கின் மெனுவில் மேக் ஸ்டீரியோ ட்ராக் கொடுத்து இரண்டையும் சேர்த்து, ட்ராக்ஸ் மெனுவில் மிக்ஸ், அதற்குள் மிக்ஸ் ஸ்டீரியோ டவுன் டு மோனோ. அவ்வளவுதான்.

ஒரு பக்கத்தை அழித்துவிட்டு மற்றதை மட்டும் வைத்துக்கொண்டாலும் குரல் கிடைக்கும். ஆனால் அவசரப்பட்டு அப்படிச் செய்யாதீர்கள், திருப்பிச் சேர்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. முதல் பாடத்தைச் செய்து பார்த்துவிட்டு என்ன வித்தியாசம் தெரிந்தது என்று எழுதுங்கள்.


தாமிரபரணிக்கரை | வியாழன், மதியம் 3.10

முதல் பாடம் செய்தேன். பேரன் வயதுப் பிள்ளை ஒருவனுக்கு அனுப்பினேன். அவன் ஒரே ஒரு வரி குரலில் பேசி அனுப்பினான்: "டீச்சர், வந்துட்டீங்க."

கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

வித்தியாசம் என்று கேட்டீர்களே, ஒன்று கவனித்தேன். தனித்தனியாகக் கேட்கும்போது அடியில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் இருந்தது, டியூப்லைட் சோக்கு மாதிரி. சேர்த்த பிறகு அது இல்லை. நான் அதற்கென்று எதுவும் செய்யவில்லையே?


சுண்ணாகத்தான் | வியாழன், மாலை 5.25

தம்பி பென்குயின், நல்ல பிராயச்சித்தம். அந்த லாபத்தை நான் விளங்கப்படுத்துறன்.

டீச்சர், வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சுவருக்குள்ள ஓடுற வயர், கம்ப்யூட்டரின்ர பவர் சப்ளை, எல்லாம் அந்த ரீங்காரத்தை மைக் வயருக்குள்ள ஊத்தும். ஆனால் 2-ஆம் கம்பியும் 3-ஆம் கம்பியும் பக்கத்தில பக்கத்தில முறுக்கிக் கிடக்கிறதால ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஊத்தும், தலைகீழா ஊத்தாது. ஒண்டைத் திருப்பிக் கூட்டேக்க குரல் குரலோட சேருது, ரீங்காரம் ரீங்காரத்தை அழிக்குது. முந்தி உங்கட குரலுக்கு நடந்த அநியாயம் இப்ப ரீங்காரத்துக்கு நடக்குது. பெரிய மிக்சருக்குள்ள ஒரு மின்மாற்றியோ சில்லோ செய்யிற வேலையை நீங்கள் ஆடாசிட்டியில கையால செய்திருக்கிறியள். அந்தப் பிழையான வயரால கிடைச்ச நன்மை எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ.


இரவுக்குருவி | வியாழன், இரவு 9.00

சேர்த்த பிறகு அளவைப் பாருங்கள் டீச்சர். ஆடாசிட்டி இரண்டையும் கூட்டிப் பாதியாக்கும், அதனால் மைனஸ் 8 இருந்தது மைனஸ் 8-இலேயே நிற்கும், ஏறாது. எஃபெக்ட் மெனுவில் நார்மலைஸ் கொடுத்து உச்சம் மைனஸ் 3 என்று வையுங்கள். அதிலேயே டிசி ஆஃப்செட் (அலை நடுக்கோட்டை விட்டு விலகி நிற்பது) நீக்கும் டிக் ஒன்று உண்டு, அதையும் எடுக்காமல் விட்டுவையுங்கள். இனிப் பதியும்போது உச்சம் மைனஸ் 12-க்கும் 6-க்கும் நடுவில் இருந்தால் போதும். சிவப்பைத் தொட வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. 16 பிட் பதிவிலேயே 96 டெசிபல் இடம் இருக்கிறது. குறைவாகப் பதிந்ததைப் பிறகு ஏற்றலாம், சிவப்பில் முட்டிக் கிழிந்ததை ஒட்ட முடியாது.

எல்லா உரைப் பதிவும் மோனோவில், அதாவது ஒற்றைப் பாதையில், இருப்பதே நல்லது. லிப்ரிவாக்ஸில் தொண்டர்கள் வாசிக்கும் ஒலிப்புத்தகங்களுக்கும் மோனோதான் கேட்கிறார்கள். கோப்பின் எடையும் குறையும், பிள்ளைகளின் டேட்டாவும் மிச்சம்.


தாமிரபரணிக்கரை | வெள்ளி, காலை 7.20

ஐந்து பாடம் முடித்தேன். ஒரு சிக்கல் மட்டும். நேற்று ஜூம் வகுப்பு. அங்கே ஆடாசிட்டியை எப்படிக் கொண்டுபோவது? வழக்கம்போல "டீச்சர் மியூட்" என்றார்கள். கடைசியில் போனில் எடுத்தேன்.


மைக்செட்காரன் | வெள்ளி, காலை 10.45

அதுக்கு வயரைத்தான் மாத்தோணும் டீச்சர். நேரலையில திருப்பறதுக்கு யாரும் உக்காந்திருக்க முடியாது.

பக்கத்துல ரேடியோ, மிக்ஸி ரிப்பேர் பண்றவர் யாராச்சும் இருப்பார். இந்த வரியை அப்படியே காட்டுங்க: மைக் பக்கத்து 1-ஆம் காலும் 3-ஆம் காலும் சேர்ந்து பின்னோட அடிப்பகுதிக்கு, அதாவது நிலத்துக்கு. 2-ஆம் கால் பின்னோட நுனிக்கும் வளையத்துக்கும் ரெண்டுக்கும் சேர்த்து. அப்போ ரெண்டு காதுலயும் ஒரே குரல், ஒரே திசை. கூட்டினா அழியாது.

இன்னொண்ணு. ரோஸ் ஓட்டை ரெண்டு மூணு வோல்ட் அனுப்பும்னு சொன்னேன்ல. பழைய வயர்ல அது சுருளோட ரெண்டு முனைக்கும் ஒரே மாதிரி போனதால சுருளுக்குள்ள ஓடலை, தப்பிச்சுது. இப்போ ஒரு முனையை நிலத்துல கட்டினா மின்சாரம் சுருள் வழியா இறங்கும். எரியாதுங்க, ஆனா சவ்வை ஒரு பக்கமா இழுத்து வெச்சிருக்கும், கரகரன்னும் வரலாம். 2-ஆம் கால் வயர்ல ஒரு 10 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெபாசிட்டர் போடச் சொல்லுங்க. கூட்டல் முனை கம்ப்யூட்டர் பக்கம். ரெண்டு ரூபா சாமான். நேர் மின்சாரத்தை நிறுத்தி உங்க குரலை மட்டும் விடும்.


சுண்ணாகத்தான் | வெள்ளி, காலை 11.30

அண்ணை சொன்னது சரி. ஆனால் டீச்சர், பழைய வயரை வெட்டாதேங்கோ. இன்னொரு வயர் வாங்கி அதை மாத்துங்கோ. பாடம் பதிய பழைய வயர், வகுப்புக்குப் புது வயர். ரீங்காரம் அழியிற நன்மை பழையதில மட்டும்தான் இருக்கு.


புதுவரவு23 | வெள்ளி, மாலை 4.15

இழையில் நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கும் சத்தம் குறைவு. போனோடு வந்த ஹெட்செட்டைக் கணினியின் ரோஸ் ஓட்டையில் போட்டால் ஏதோ தூரத்தில் பேசுவது போல் ஒரு சொட்டு கேட்கிறது. எனக்கும் வயர் தலைகீழா?


பென்குயின்பிரியன் | வெள்ளி, மாலை 4.30

இல்லை, உங்களுடையது வேறு. பின்னைப் பாருங்கள், கருப்பு வளையம் மூன்று இருக்கிறதா? அப்படியென்றால் நான்கு பகுதி: இடக்காது, வலக்காது, நிலம், அடியில் மைக். ரோஸ் ஓட்டை மைக்கை நுனியில் தேடும், உங்கள் பின்னில் நுனியில் இருப்பது காது ஸ்பீக்கர். ஸ்பீக்கரும் காந்தமும் சுருளும்தானே, அதுவே மைக்காகி ஒரு சொட்டுக் கொடுக்கிறது. காதுப் பஞ்சில் பேசிப் பாருங்கள், நன்றாகக் கேட்கும். ஹெட்செட்டை இரண்டு பின்னாகப் பிரிக்கும் ஒய் வடிவ வயர் கடைகளில் கிடைக்கும். பச்சை ஒன்று, ரோஸ் ஒன்று. அதைப் போடுங்கள்.


புதுவரவு23 | வெள்ளி, மாலை 4.41

காதில் பேசினேன், கேட்கிறது!! வீட்டில் எல்லோரும் என்னைப் பைத்தியம் என்கிறார்கள். வயர் வாங்குகிறேன், நன்றி.


தாமிரபரணிக்கரை | அடுத்த வியாழன், இரவு 8.50

புது வயர் வாங்கி, மார்க்கெட் பக்கம் டிவி சரிபார்க்கும் அண்ணாச்சியிடம் கொடுத்தேன். மைக்செட்காரர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். "எழுதினவர் விஷயம் தெரிஞ்சவர்" என்றார். கெபாசிட்டரை எங்கே வைப்பது என்று கொஞ்சம் திணறி, பின்னின் உறைக்குள் இடமில்லாததால் மைக் பக்க உறைக்குள் அடக்கிவிட்டார். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்.

பதினோரு பாடமும் திருப்பிச் சேர்த்து அனுப்பியாகிவிட்டது. இன்று ஜூம் வகுப்பு. முதல் பத்து நிமிடம் ஒருவரும் "மியூட்" என்று சொல்லவில்லை. எனக்கே நம்பிக்கை வராமல் இரண்டு முறை கேட்டேன், கேட்கிறதா, கேட்கிறதா என்று. பிறகு பாடத்தில் ஆழ்ந்துவிட்டேன். அரை மணி கழித்து ஒரு பிள்ளை குறுக்கிட்டான்: "டீச்சர், அடுப்புல பால் பொங்குது."

அடுப்படி எனக்குப் பின்னால் ஓர் அறை தள்ளி. ஓடிப்போய்ப் பார்த்தால் பாதிப் பால் மேடையில்.


மைக்செட்காரன் | அடுத்த வியாழன், இரவு 9.02

பூஸ்ட்டைப் பத்துக்கு இறக்குங்க டீச்சர்.